கேட் மீட்டிங்கில் எதுவும் நிற்பதில்லை: நிரூபிக்காத தொழில்நுட்பத்தை ப்ராடக்ட் அட்டவணையில் எப்போது சேர்ப்பது?

கேள்வி: அளவி

வணக்கம். தொழிற்சாலை மோட்டார்களின் அதிர்வை அளக்கும் வயர் இணைப்புக் கருவிகள் தயாரிக்கும் நடுத்தர நிறுவனம் எங்களுடையது. அடுத்த ப்ராடக்டாகத் திட்டமிட்டிருப்பது பேட்டரியில் ஓடும் வயர்லெஸ் சென்சார். பேரிங் கெட்டுப்போவதை முன்கூட்டியே சொல்லும் அல்காரிதமும் அதற்குள்ளேயே இருக்க வேண்டும் என்பது திட்டம்.

டெவலப்மென்ட்டில் 12 இன்ஜினியர்கள், ஓடிக்கொண்டிருக்கும் ப்ராஜெக்ட் 9. முறைப்படி ஐந்து கேட் (ப்ராஜெக்டைத் தொடரலாமா, நிறுத்தலாமா என்று முடிவு செய்யும் கூட்டம்) இருக்கிறது. ஆனால் எந்தக் கேட்டிலும் எதுவும் நிற்பதில்லை, "சில திருத்தங்களுடன் தொடரலாம்" என்றே முடிகிறது. லேப் ரிக்கில் அல்காரிதம் 99.5 சதவீதம் சரியாகச் சொல்கிறது. அந்த எண்ணைப் பார்த்துவிட்டு, அடுத்த கண்காட்சியிலேயே காட்டிவிடலாம் என்று சேல்ஸ் தரப்பு கேட்கிறது.

நான் தெரிந்துகொள்ள விரும்புவது: ஒரு ப்ராஜெக்டை நிறுத்துவதற்கான அளவுகோலை எப்படி எழுதுவது? பெரிய புது ப்ராடக்டையும் சின்னச் சின்ன மேம்பாடுகளையும் எந்தக் கணக்கில் ஒப்பிடுவது? அல்காரிதம் முழுமையாகும் வரை காத்திருப்பதா, அது இல்லாமலே முதல் பதிப்பை விடுவதா? காப்புரிமை விஷயத்தில் கண்காட்சிக்கு முன் என்ன செய்ய வேண்டும்?

பதில் 1: நுட்பத்தடம்

உங்கள் கேட் அமைப்பில் கோளாறு இருப்பதாக நான் நினைக்கவில்லை. இரண்டு வேறு வேலைகள் ஒரே அட்டவணையில் மாட்டிக்கொண்டிருக்கின்றன. வயர்லெஸ் சென்சார் செய்வது ப்ராடக்ட் டெவலப்மென்ட். எத்தனை மாதம், எத்தனை பேர் என்று ஓரளவு சொல்லிவிடலாம். பேரிங் பழுதை முன்கூட்டியே கண்டுபிடிப்பது, உங்களைப் பொறுத்தவரை, இன்னும் ஆராய்ச்சி. அதற்குத் தேதி போட முடியாது. ஒரு கேள்வியையும், அதற்கு விடை தேட எவ்வளவு செலவழிக்கலாம் என்ற வரம்பையும்தான் போட முடியும். இரண்டையும் சேர்த்துவிட்டால் ஆராய்ச்சி தாமதமாகும் ஒவ்வொரு முறையும் ப்ராடக்ட் தாமதமாகும். ப்ராடக்டுக்குக் கொடுத்த வாக்குறுதிக்காக ஆராய்ச்சியை நிறுத்தவும் யாருக்கும் மனம் வராது. "திருத்தங்களுடன் தொடரலாம்" என்ற வாசகம் அங்கிருந்துதான் வருகிறது.

ஒரு தொழில்நுட்பம் எவ்வளவு தயாராக இருக்கிறது என்று சொல்ல நாசா பயன்படுத்தும் டிஆர்எல் அளவுகோலில் ஒன்பது படிகள் உண்டு. லேப் சூழலில் பாகம் வேலை செய்தால் 4. பயன்பாட்டுச் சூழலை ஒத்த இடத்தில் முன்மாதிரி வேலை செய்தால் 6. உங்கள் அல்காரிதம் 4-இல் இருக்கிறது. 6-ஐத் தொடாத எதையும் தேதி போட்ட ப்ராஜெக்டில் சேர்க்கக் கூடாது என்று ஒரு விதி போட்டாலே உங்கள் சிக்கலில் பாதி தீரும்.

அந்த 99.5 சதவீதத்தைக் கொஞ்சம் விரித்துப் பாருங்கள். ஒரு தொழிற்சாலையில் 200 மோட்டார், ஒவ்வொன்றுக்கும் தினமும் ஒரு முடிவு என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 73,000 முடிவுகள். நல்ல மோட்டாரைக் கெட்டது என்று சொல்லும் வாய்ப்பு 0.5 சதவீதம் என்றால் ஆண்டுக்கு சுமார் 365 வீண் அலாரம், அதாவது தினம் ஒன்று. அதே ஆண்டில் உண்மையிலேயே கெட்டுப்போகும் பேரிங் 10 என்று வையுங்கள். பத்தையும் தவறாமல் பிடித்தால்கூட, வரும் அலாரங்களில் நூற்றுக்கு மூன்று கூட உண்மையாக இருக்காது. இரண்டாவது மாதத்தில் மெயின்டெனன்ஸ் ஆட்கள் அறிவிப்பை அணைத்துவிடுவார்கள். வீண் அலாரம் பத்தாயிரம் முடிவுக்கு ஒன்று என்று இறங்கினால்தான் ஆண்டுக்கு ஏழு, எட்டு என்ற அளவுக்கு வரும். அந்த நிலையில்தான் இதை ஒருவர் காசு கொடுத்து வாங்குவார்.

ஆக உங்கள் நிறுத்த அளவுகோல் இதிலிருந்தே வந்துவிடுகிறது: "வீண் அலாரம் பத்தாயிரத்தில் ஒன்றுக்கு மேல் போகக் கூடாது, பத்துப் பழுதில் குறைந்தது ஏழையாவது இரண்டு வாரம் முன்னதாகச் சொல்ல வேண்டும்." இதை எப்படி நிரூபிப்பது? ஒரு வீண் அலாரம்கூட இல்லாமல் ஓடினால், 95 சதவீத நம்பிக்கையோடு சொல்லக்கூடிய மேல் வரம்பு ஏறக்குறைய 3 வகுத்தல் சோதனை எண்ணிக்கை. பத்தாயிரத்தில் ஒன்று என்று சொல்ல 30,000 மோட்டார்-நாட்கள் வேண்டும்; 100 மோட்டார் என்றால் 300 நாள். ஒரே மோட்டாரின் அடுத்தடுத்த நாட்கள் ஒன்றையொன்று சார்ந்திருக்கும் என்பதால் இது குறைந்தபட்சம்தான்.

அவ்வளவு நாள் காத்திருக்க முடியாது என்றால், உங்களிடம் ஏற்கெனவே வயர் கருவிகளின் பழைய பதிவுகள் இருக்கும். அவற்றை அல்காரிதம் வழியாக ஓட்டுங்கள். ஆனால் ஒன்று. வயர் சென்சார் பெரும்பாலும் ஸ்டட் (மரையுள்ள சிறு கம்பி) போட்டு முறுக்கியிருக்கும். புதியதைக் காந்தத்தால் ஒட்டப்போகிறீர்கள் என்றால் சில கிலோஹெர்ட்ஸுக்கு மேல் சிக்னல் மாறிவிடும். பேரிங் பழுதின் ஆரம்ப அறிகுறி தெரிவதே அந்த உயர் அதிர்வெண் பகுதியில்தான். பழைய பதிவில் கிடைத்த வெற்றி புதிய பொருத்தும் முறையில் அப்படியே கிடைக்கும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒரே மோட்டாரில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பொருத்தி, ஒரே நேரத்தில் பதிவு செய்து, ஸ்பெக்ட்ரத்தை (எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு அதிர்வு என்ற வரைபடம்) ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பாருங்கள். ஒரு வாரத்தில் முடியும் வேலை, இதை முதலில் செய்யுங்கள்.

அதோடு சேர்த்து, அல்காரிதத்தைத் தொடாமல் செய்யக்கூடிய ஒரு சோதனை. மூன்று, நான்கு வாடிக்கையாளர்களிடம் இருக்கும் கருவிகளின் தரவை அனுபவமுள்ள ஓர் அதிர்வு நிபுணர் தினமும் பார்த்து, "இந்த மோட்டாரைக் கவனியுங்கள்" என்று செய்தி அனுப்பட்டும். செய்தி வந்ததும் அங்கே யார் அதைப் பார்க்கிறார், எத்தனை நாளில் மோட்டாரை நிறுத்துகிறார், உதிரி பேரிங் கையிருப்பில் இருக்கிறதா என்பதை எழுதிவையுங்கள். மனிதர் சரியாகச் சொல்லியும் யாரும் நடவடிக்கை எடுக்கவில்லை என்றால், அல்காரிதம் எவ்வளவு துல்லியமானாலும் விற்காது. பாம் பைலட் என்ற கையடக்கக் கணினியைச் செய்யும் முன், அதை உருவாக்கிய ஜெஃப் ஹாக்கின்ஸ் ஒரு மரக்கட்டையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, அதைக் கருவியாகப் பாவித்துப் பயன்படுத்திப் பார்த்ததும் இதே நோக்கத்தில்தான். அளவும் பயன்பாடும் சரிதானா என்பதை எலக்ட்ரானிக்ஸுக்குச் செலவழிக்கும் முன்பே தெரிந்துகொண்டார்.

அளவுகோலைச் சோதனை தொடங்கும் முன் எழுதிக் கையெழுத்திட வேண்டும். முடிவு வந்தபின் எழுதினால், வந்த முடிவுக்கு ஏற்ப எழுதப்படும். சந்தை பற்றிய அனுமானங்களுக்கும் இதே விதி. இரிடியம் சேட்டிலைட் போன் திட்டம் 1987-இல் உருவாகி, 66 சேட்டிலைட்டுகளுடன் 1998 நவம்பரில் சேவைக்கு வந்தது. 1999 ஆகஸ்டில் திவால் மனு. தொழில்நுட்பம் வேலை செய்தது. ஆனால் திட்டம் போட்ட நாளுக்கும் சேவை தொடங்கிய நாளுக்கும் நடுவில் சாதாரண செல்போன் நெட்வொர்க் உலகெங்கும் பரவிவிட்டது. "இந்த வாடிக்கையாளருக்கு வேறு வழியில்லை" என்ற அனுமானத்தை ஒவ்வொரு கேட்டிலும் புதிதாகச் சரிபார்த்திருக்க வேண்டும். உங்களுக்கு அதற்கு இணையான அனுமானம் ஒன்று இருக்கிறது: மோட்டார் தயாரிப்பாளர்களே சென்சாரை உள்ளே வைத்து விற்கத் தொடங்கமாட்டார்கள் என்பது. அதையும் தாளில் எழுதுங்கள்.

பதில் 2: கணக்குப்பிள்ளை

ஒப்பிடும் கணக்கைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

பெரிய ப்ராடக்டையும் சின்ன மேம்பாட்டையும் வெறும் நிகர இன்றைய மதிப்பில் (வருங்கால வரவு செலவை இன்றைய பண மதிப்புக்கு மாற்றிய தொகை) ஒப்பிட்டால் பெரியதுதான் எப்போதும் ஜெயிக்கும், ஏனென்றால் தோல்வி வாய்ப்பு அதில் சேராது. எதிர்பார்க்கும் வணிக மதிப்பைப் பயன்படுத்துங்கள். லாஞ்சுக்குப் பிறகு வரும் மதிப்பைச் சந்தை வெற்றி வாய்ப்பால் பெருக்கி, லாஞ்ச் செலவைக் கழித்து, அதைத் தொழில்நுட்ப வெற்றி வாய்ப்பால் பெருக்கி, மீதமுள்ள டெவலப்மென்ட் செலவைக் கழிக்க வேண்டும்.

உங்கள் சென்சாருக்கு உதாரண எண்கள்: வெற்றியடைந்தால் மதிப்பு 400, சந்தை வாய்ப்பு 0.6, லாஞ்ச் செலவு 50, தொழில்நுட்ப வாய்ப்பு 0.5, டெவலப்மென்ட் 40. 400-ஐ 0.6-ஆல் பெருக்கினால் 240. 50 போக 190. அதில் பாதி 95. 40 போக 55.

வயர் கருவியின் ஒரு மேம்பாடு: மதிப்பு 120, சந்தை வாய்ப்பு 0.8, லாஞ்ச் 10, தொழில்நுட்ப வாய்ப்பு 0.9, டெவலப்மென்ட் 15. விடை 62.4. மதிப்பில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லாத ப்ராஜெக்ட் முந்திவிட்டது. இதோடு நிறுத்தினால் நிறுவனம் என்றென்றும் சின்ன மேம்பாடுகளையே செய்துகொண்டிருக்கும். அதனால் அடுத்த கணக்கு முக்கியம்.

நுட்பத்தடம் சொன்ன மாதிரி, 40-இல் முதல் 5-ஐ மட்டும் செலவழித்து அல்காரிதம் தேறுமா என்று தெரிந்துகொள்ளலாம் என்று வையுங்கள். தேறாவிட்டால் அங்கேயே நிறுத்தம். தேறினால் மீதி 35. இப்போது: 190-இல் 35 போனால் 155, அதில் பாதி 77.5, முதலில் செலவழித்த 5 போக 72.5. அதே ப்ராஜெக்ட், அதே வாய்ப்புகள். வேலையின் வரிசையை மாற்றியதால் மட்டும் 55 என்பது 72.5 ஆனது. சோதனை தெளிவான விடை தரும் என்ற அனுமானத்தில் வந்த எண் இது. சோதனை குழப்பமான விடை தந்தால் ஆதாயம் குறையும். சோதனைக்குப் பிறகும் நிறுத்தமாட்டீர்கள் என்றால் மொத்த ஆதாயமும் போய், பழைய 55-தான்.

அடுத்து, பணத்தை விட உங்களிடம் குறைவாக இருப்பது ஆட்கள். அதனால் விடையை இன்ஜினியர்-மாதத்தால் (ஓர் இன்ஜினியரின் ஒரு மாத வேலை) வகுங்கள். மேம்பாட்டுக்கு 12 இன்ஜினியர்-மாதம் என்றால் மாதத்துக்கு 5.2. சென்சாரை ஒரே மூச்சில் செய்தால் 60 மாதம், மாதத்துக்கு 0.9. முன்சோதனைக்கு 6 மாதம், மீதி 54-க்குப் பாதி வாய்ப்பு என்றால் சராசரி 33 மாதம், மாதத்துக்கு 2.2. இரண்டு வகை ப்ராஜெக்டுக்கும் ஒரே பட்டியலில் தரவரிசை போடாதீர்கள். ஆள்பலத்தை முதலிலேயே பங்கு பிரித்துவிட்டு (மேம்பாடுகளுக்கு இவ்வளவு, புது ப்ளாட்ஃபார்முக்கு இவ்வளவு, தொழில்நுட்பச் சோதனைக்கு இவ்வளவு), ஒவ்வொரு பங்குக்குள் மட்டும் தரவரிசை போடுங்கள். பங்கு எவ்வளவு என்பதைக் கணக்கு சொல்லாது, நிர்வாகம்தான் சொல்ல வேண்டும்.

12 பேருக்கு 9 ப்ராஜெக்ட் என்பதுதான் உங்கள் தாமதத்துக்கு முதல் காரணம் என்று நினைக்கிறேன். 12 பேர் என்றால் ஆண்டுக்கு 144 இன்ஜினியர்-மாதம். அதில் விற்ற பொருள்களின் புகார், பாகம் நின்றுபோனதால் வரும் மறுவடிவமைப்பு எல்லாம் முதலில் எடுத்துக்கொள்ளும். அது மூன்றில் ஒரு பங்கு என்றால் மிச்சம் 96. ஒன்பது ப்ராஜெக்டுக்கும் தேவையானதைக் கூட்டிப் பாருங்கள், 96-க்குள் வராது. மூன்று ப்ராஜெக்ட், ஒவ்வொன்றுக்கும் முழு டீமின் நான்கு மாத வேலை என்றால், மூன்றையும் சேர்த்து ஓட்டினால் மூன்றும் பன்னிரண்டாவது மாதத்தை ஒட்டியே முடியும். ஒன்றன்பின் ஒன்றாகச் செய்தால் 4, 8, 12. கடைசி ப்ராஜெக்டுக்கு நஷ்டமில்லை, முதல் இரண்டும் மாதக்கணக்கில் முன்னதாகச் சந்தைக்கு வருகின்றன. ஒருவருக்கு இரண்டு ப்ராஜெக்டுக்கு மேல் கொடுக்க வேண்டாம். ஒன்று சப்ளையருக்காகக் காத்திருக்கும்போது இன்னொன்றைச் செய்யலாம். மூன்றாவது வந்தால் எதையும் முடிக்க முடியாது.

வாய்ப்பு எண்களை யார் தருவது என்ற கேள்வி வரும். ப்ராஜெக்ட் லீடர் தரக் கூடாது. அந்த ப்ராஜெக்டில் இல்லாத மூன்று பேர் தனித்தனியாக எழுதித் தரட்டும். மூவரின் எண்களும் 0.3, 0.5, 0.9 என்று சிதறினால் சராசரி எடுக்காதீர்கள். 0.3 சொன்னவருக்குத் தெரிந்த ஒன்று மற்றவர்களுக்குத் தெரியவில்லை என்று அர்த்தம், அதைக் கேளுங்கள்.

பதில் 3: வரைபலகை

காத்திருக்க வேண்டாம் என்பது என் கருத்து. முதல் பதிப்பில், இயந்திர அதிர்வுக்கான சர்வதேசத் தரநிலையான ஐஎஸ்ஓ 20816 (பழைய 10816) சொல்லும் மண்டலங்களின்படி அலாரம் போதும். 10 முதல் 1000 ஹெர்ட்ஸ் வரையிலான அதிர்வு வேகத்தின் ஆர்எம்எஸ் மதிப்பை (ஒருவகைச் சராசரி) ஏ, பி, சி, டி என்று, நல்ல நிலையிலிருந்து ஆபத்தான நிலை வரை பிரிப்பார்கள். மெயின்டெனன்ஸ் ஆட்களுக்குப் பழகிய அளவுகோல், யாரிடமும் விளக்கத் தேவையில்லை. அதோடு நாளுக்கு ஒருமுறை முழு அலைவடிவத்தையும் சர்வருக்கு அனுப்பட்டும். உங்களுக்கு வேண்டிய களத் தரவு, உங்கள் பொருத்தும் முறையிலேயே, விற்ற கருவிகளிலிருந்தே சேரும்.

ஆனால் அல்காரிதத்தைத் தள்ளிவைக்கலாமே தவிர ஹார்டுவேரில் அதற்கான இடத்தைத் தள்ளிவைக்க முடியாது. சென்சாரின் அதிர்வெண் வரம்பு, ஏடிசி (சிக்னலை எண்ணாக மாற்றும் பகுதி) வேகம், மெமரி, பொருத்தும் முறை ஆகிய நான்கும் இப்போதே அல்காரிதத்துக்குத் தேவையான அளவில் இருக்க வேண்டும். 1000 ஹெர்ட்ஸ் போதுமே என்று மலிவான சென்சாரைப் போட்டால், பிறகு ஃபர்ம்வேர் (கருவிக்குள் ஓடும் மென்பொருள்) அப்டேட் அனுப்பி எதையும் செய்ய முடியாது. விற்றதை எல்லாம் கழற்றி மாற்ற வேண்டியிருக்கும். எந்தப் பாகத்தை இப்போதே உயர்த்த வேண்டும், எதைப் பிறகு மாற்றலாம் என்பதற்கு ஒரே சோதனைதான்: களத்தில் இருக்கும் கருவியைத் திறக்காமல் மாற்ற முடியுமா? முடியாது என்றால் இப்போதே.

வயர் கருவியின் விற்பனையை இது தின்னுமா என்பதையும் கணக்கில் சேருங்கள். எத்தனை சதவீத வாடிக்கையாளர் மாறுவார்கள், ஒருவர் மாறினால் லாபம் எவ்வளவு குறையும் என்று கணக்குப்பிள்ளை சொன்ன 400-இல் இருந்து கழிக்க வேண்டும். ஆனால் நீங்கள் விடாவிட்டாலும் போட்டியாளரிடம் போகக்கூடியவர்களை அந்தக் கழிவில் சேர்க்காதீர்கள்.

பதில் 4: பட்டறைக்குரல்

ப்ரோட்டோடைப் வேலை செய்வதற்கும் ஆயிரம் எண்ணிக்கை வேலை செய்வதற்கும் நடுவில் மூன்று கட்டம் உண்டு: ஈவிடி, டிவிடி, பிவிடி. ஈவிடியில் டிசைன் வேலை செய்கிறதா என்று பார்க்கிறோம், பாகங்கள் கையால் செய்தவையாக இருக்கலாம். டிவிடியில் உண்மையான மோல்டில் வந்த பெட்டி, உண்மையான பாகங்கள். சுற்றுச்சூழல் சோதனையும் சான்றிதழ் சோதனையும் இங்கே. பிவிடியில் உற்பத்தி லைனில், லைன் ஆட்களே, அவர்கள் கருவிகளைக் கொண்டே செய்தது. இந்தக் கட்டங்களை அட்டவணைக்காக ஒன்றின்மேல் ஒன்று ஏற்றும்போதுதான் பணம் போகிறது. டிவிடி சோதனை முடியும் முன் மோல்டை எஃகில் வெட்டிவிட்டால் பிறகு இரும்பைக் குறைப்பது எளிது, சேர்ப்பது கஷ்டம். அதனால் இறுக்கமாகப் பொருந்த வேண்டிய இடங்களில் (மூடியின் சீல் பள்ளம், ஸ்னாப் கொக்கி) மோல்டில் கொஞ்சம் அதிக இரும்பை விட்டு வெட்டச் சொல்லுங்கள். முதல் மாதிரி வந்ததும் தேவைக்கு ஏற்ப இழைத்துக்கொள்ளலாம்.

எத்தனை மாதிரி சோதிப்பது என்பதற்கு எளிய கணக்கு இருக்கிறது. ஒன்றுகூடத் தோற்காமல் சோதனை முடிந்தால், 90 சதவீத நம்பிக்கையோடு 95 சதவீத நம்பகத்தன்மை என்று சொல்ல 45 மாதிரி வேண்டும். 90 சதவீத நம்பகத்தன்மைக்கு 22. 99-க்கு 230. ஐந்து மாதிரியைச் சோதித்து "எல்லாம் பாஸ்" என்று கேட்டுக்கு வந்தால், அந்த ஐந்து எதைச் சொல்கிறது என்று இந்த அட்டவணையை வைத்துக் கேளுங்கள்.

இனி பேட்டரி. உங்கள் ப்ராடக்டில் எனக்குப் பெரிய கவலை அல்காரிதத்தைவிட இதுதான்.

ஐந்து ஆண்டு தாங்கும் என்று விளம்பரத்தில் போடப்போகிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். ஏஏ அளவு லித்தியம் தயோனில் குளோரைடு செல், 2600 மில்லி ஆம்பியர்-மணி என்று எழுதியிருக்கும். வெப்பம், தானாகக் கசிவது, கடைசிக் கட்ட மின்னழுத்தச் சரிவு எல்லாம் போக 70 சதவீதம் என்று பிடித்தால் 1820. செலவு: உறக்க நிலையில் 10 மைக்ரோ ஆம்பியர், ஐந்து ஆண்டில் 43,800 மணி நேரம், ஆக 438. மணிக்கு ஒருமுறை அளந்து அனுப்ப 20 மில்லி ஆம்பியர், 3 விநாடி. 43,800 தடவைக்கு 730. மொத்தம் 1168. நிறைய மிச்சம் இருப்பதாகத் தெரியும். ஆனால் தொழிற்சாலையில், இரும்புப் பேனலுக்குப் பின்னால், ஒவ்வொரு செய்தியும் சராசரியாக இரண்டு முறை அனுப்ப வேண்டியிருந்தால் 730 என்பது 1460 ஆகும். மொத்தம் 1898. ஐந்து ஆண்டு வாக்குறுதி உடைந்துவிட்டது. வரைபலகை சொன்ன முழு அலைவடிவம் இதற்கு மேல். ஆகவே ரேடியோவை லேப் மேஜையில் அளக்காதீர்கள். மறுமுயற்சி எண்ணிக்கையை ஃபர்ம்வேரில் பதிவு செய்து, களச் சோதனையில் அந்த எண்ணைப் பாருங்கள். மூன்று முறைக்கு மேல் முயற்சிக்காதே, அடுத்த சுற்றில் சேர்த்து அனுப்பு என்ற வரம்பும் வையுங்கள்.

இந்த வகை செல்லில் இன்னொரு குணம். நெடுநாள் சும்மா இருந்தால் லித்தியத்தின் மேல் ஒரு படலம் படியும். செல் கெடாமல் இருப்பதே அதனால்தான். ஆனால் கிடங்கில் எட்டு மாதம் கிடந்த கருவியை முதல்முறை இயக்கும்போது, ரேடியோ திடீரென்று மின்னோட்டம் கேட்டால் மின்னழுத்தம் சட்டென்று கீழே விழும். ப்ராசஸர் ரீசெட் ஆகும், மறுபடி ரேடியோவைத் துவக்கும், மறுபடி விழும். புதிதாகச் செய்த ப்ரோட்டோடைப்பில் இது தெரியவே தெரியாது. வாடிக்கையாளர் பெட்டியைப் பிரிக்கும்போதுதான் தெரியும். செல்லுக்கு இணையாக ஒரு பெரிய கெப்பாசிட்டர் போட்டு, ரேடியோ துடிப்பை அதிலிருந்து எடுக்க வேண்டும். கெப்பாசிட்டரின் கசிவு மின்னோட்டத்தையும் மேலே போட்ட கணக்கில் சேர்க்க வேண்டும். டிவிடியில் சில செல்களையாவது பல மாதம் சூட்டில் வைத்து எடுத்துச் சோதியுங்கள். செல்களை வாங்கி அப்படிச் சூட்டில் வைக்கும் வேலையை இன்றே தொடங்கலாம், டிசைன் முடியும் வரை அது காத்திருக்கத் தேவையில்லை.

இரண்டாவது சப்ளையர் விஷயத்திலும் கவனம் வேண்டும். 2016 ஆகஸ்டில் வந்த சாம்சங்கின் கேலக்ஸி நோட் 7 போனில் முதல் சப்ளையரின் பேட்டரி தீப்பிடித்தது. இரண்டாவது சப்ளையரின் பேட்டரியோடு மாற்றித் தந்த போன்களும் தீப்பிடித்தன. அக்டோபரில் உற்பத்தியே நின்றது. 2017 ஜனவரியில் சாம்சங் வெளியிட்ட ஆய்வில் இரண்டுக்கும் காரணம் வேறு வேறு என்று வந்தது: ஒன்றில் செல்லின் மூலையில் மின்முனை வளைந்திருந்தது, மற்றதில் வெல்டிங் பிசிறு. ஒரே அளவு, ஒரே ஸ்பெக் என்பதால் இரண்டாவது செல்லுக்குச் சோதனையைச் சுருக்கக் கூடாது. அதைப் புது டிசைனாகவே நடத்தி, அதே எண்ணிக்கை மாதிரிகளைச் சோதிக்க வேண்டும். உங்கள் கேட் படிவத்தில் "மாற்று சப்ளையர்: உண்டு" என்று டிக் அடிக்கும் கட்டம் இருந்தால் எடுத்துவிடுங்கள். "மாற்று சப்ளையரின் பாகத்தோடு டிவிடி முடிந்த தேதி" என்று மாற்றுங்கள்.

பதில் 5: உரிமைக்கோடு

கண்காட்சிக்கு முன் முதல் விண்ணப்பத்தைத் தாக்கல் செய்தாக வேண்டும். பல நாடுகளில், விண்ணப்பத்துக்கு முன் பொதுவில் காட்டினாலே புதுமை போய்விடும். அமெரிக்காவில் கண்டுபிடித்தவருக்கு ஓராண்டு அவகாசம் உண்டு, ஆனால் ஐரோப்பாவில் அப்படி நம்ப முடியாது. முதல் தாக்கலிலிருந்து 12 மாதத்துக்குள் மற்ற நாடுகளில் அல்லது பிசிடி (பல நாடுகளுக்குச் சேர்த்து ஒரே சர்வதேச விண்ணப்பம்) வழியில் விண்ணப்பிக்க வேண்டும். பிசிடி எடுத்தால் ஒவ்வொரு நாட்டிலும் நுழைய முதல் தேதியிலிருந்து பொதுவாக 30 மாதம் கிடைக்கும். 18-ஆவது மாதத்தில் விண்ணப்பம் வெளியாகிவிடும். இந்த மூன்று தேதிகளையும் கேட் அட்டவணையோடு சேர்த்துப் போடுங்கள். பெரிய செலவு வரும் 30-ஆவது மாதத்துக்கு முன், எந்த நாடுகள் என்று முடிவு செய்யும் அளவுக்கு விற்பனைத் தகவல் கையில் இருக்க வேண்டும்.

எதற்குக் காப்புரிமை, எதை ரகசியம்? போட்டியாளர் பொருளைப் பிரித்துப் பார்த்தால் தெரியக்கூடியது, அவர் மீறினால் உங்களால் நிரூபிக்கக்கூடியது ஆகியவற்றுக்குக் காப்புரிமை. பொருத்தும் அமைப்பு அப்படிப்பட்டது. அல்காரிதத்தின் உள்விவரம், பயிற்சித் தரவு ஆகியவை ரகசியமாக இருக்கட்டும். வேறொருவரின் காப்புரிமையை நீங்கள் மீறுகிறீர்களா என்ற தேடல் தனி வேலை. டிசைன் இறுதியாகும் முன் அது முடிய வேண்டும், லாஞ்சுக்கு முந்தைய மாதம் செய்தால் பயனில்லை.

காப்புரிமை கிடைத்தாலும் லாபம் உங்களுக்கே வரும் என்று உறுதியில்லை. சிடி ஸ்கேனரைக் கண்டுபிடித்தது பிரிட்டனின் ஈஎம்ஐ நிறுவனம். 1971-இல் முதல் நோயாளிக்கு ஸ்கேன், 1979-இல் காட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்டுக்கு நோபல் பரிசு. அதே காலத்தில் ஈஎம்ஐ அந்தத் தொழிலை விட்டே வெளியேற வேண்டி வந்தது. மருத்துவமனைகளோடு ஏற்கெனவே எக்ஸ்ரே வியாபாரமும் சர்வீஸ் ஆட்களும் வைத்திருந்த ஜெனரல் எலக்ட்ரிக் போன்றவர்கள் பின்னால் வந்து சந்தையை எடுத்துக்கொண்டார்கள். உங்கள் விஷயத்தில் நல்ல செய்தி, அந்தப் பக்க பலம் உங்களிடமே இருக்கிறது: வயர் கருவி வாடிக்கையாளர்கள், அதிர்வு நிபுணர்கள், சர்வீஸ் ஆட்கள். சென்சாரைத் தனிப் பொருளாக விற்காமல் அவற்றோடு சேர்த்து விற்கும்படி திட்டமிட்டால் நகலெடுப்பவருக்குச் சென்சார் மட்டும்தான் கிடைக்கும்.

அளவி

எல்லோருக்கும் நன்றி. வீண் அலாரம் கணக்கையும் பேட்டரி கணக்கையும் அப்படியே எங்கள் எண்களோடு போட்டுப் பார்க்கப்போகிறேன். ஒரு சந்தேகம் மட்டும். கேட்டில் உட்காருபவர்களே ப்ராஜெக்டைத் தொடங்கியவர்களாக இருக்கும்போது, எழுதி வைத்த அளவுகோலைத் தாண்டியும் "இன்னும் இரண்டு மாதம் பார்க்கலாம்" என்றுதான் வரும். அதை எப்படிக் கையாள்வது?

பதில் 6: நுட்பத்தடம்

ப்ராஜெக்ட் தொடர்வதை இயல்பு நிலையாக வைக்காதீர்கள். ஒவ்வொரு கேட்டும் அடுத்த கேட் வரைக்கான ஆட்களையும் பணத்தையும் மட்டுமே தரட்டும். கேட் தேதியில் தெளிவான "தொடர்" என்ற முடிவு வராவிட்டால் நேரக் கணக்கு எண் (அந்த ப்ராஜெக்டில் செய்த வேலை நேரத்தைப் பதியும் எண்) தானாக மூடப்பட வேண்டும். நிறுத்த யாரும் வாய் திறக்கத் தேவையில்லை, தொடரத்தான் காரணம் சொல்ல வேண்டும்.

கேட்டில் முடிவு எடுப்பவர்கள் ஆட்களைத் தரும் அதிகாரம் உள்ளவர்களாக இருக்கட்டும்: இன்ஜினியரிங், உற்பத்தி, விற்பனை, நிதி, நான்கு பேர் போதும். தொடங்கி வைத்தவர் விளக்கம் தரலாம், வாக்குப் போடக் கூடாது. அறையை விட்டு வெளியேறும் முன் நான்கில் ஒரு முடிவு எழுதப்பட வேண்டும்: தொடர், நிறுத்து, காத்திருப்பில் வை, திருப்பி அனுப்பு. "திருத்தங்களுடன் தொடர்" என்ற ஐந்தாவது முடிவைப் படிவத்திலிருந்தே எடுத்துவிடுங்கள்.

"இன்னும் இரண்டு மாதம்" வந்தால் மறுக்க வேண்டாம், விலையோடு கொடுங்கள். அந்த இரண்டு மாதத்துக்கு வேண்டிய ஆட்கள் எந்த ப்ராஜெக்டிலிருந்து வருகிறார்கள், அது எத்தனை வாரம் தள்ளிப்போகிறது, இரண்டு மாத முடிவில் எந்த எண் எவ்வளவு மாறியிருக்க வேண்டும் என்ற மூன்றையும் கேட்பவரே எழுதிக் கையெழுத்திடட்டும். இரண்டாவது நீட்டிப்பு கேட்டில் கிடைக்கக் கூடாது, அது நிர்வாக இயக்குநரிடம் மட்டும் போகட்டும்.

நிறுத்தினால் டீமுக்கு என்ன ஆகும் என்பதையும் அதே கூட்டத்தில் சொல்லிவிடுங்கள். அடுத்து எந்த ப்ராஜெக்ட், எந்தத் தேதியில் என்று பெயரோடு தெரிந்தால் லீடர்களே நிறுத்தும்படி பரிந்துரைக்கத் தயங்கமாட்டார்கள். நிறுத்திய ப்ராஜெக்டின் சோதனைத் தரவு, அளவுகோல், எந்த எண்ணில் தோற்றது என்பதை இரண்டு பக்கத்தில் எழுதி வைக்க ஒரு வாரம் ஒதுக்குங்கள். சென்சார் விலையோ பேட்டரித் திறனோ பின்னாளில் மாறினால், அந்த இரண்டு பக்கத்திலிருந்தே மறுபடி தொடங்கலாம்.